மூன்றாவது முனை

மார்ச் 4, திங்கள்

முறைத்துக்கொண்டு போன கொழுந்தனாருக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கப் போவதில்லை. ஒன்றரை வருடமாகக் கேட்காததை இன்றைக்குக் கேட்டால், அண்ணிக்கு ஏதோ காரியம் ஆக வேண்டியிருக்கிறது என்று உடனே கண்டுபிடித்துவிடுவாய். ஆக வேண்டியிருக்கிறது. உன் சுரங்க முகாமில் போன் எடுக்காது, வாரம் ஒரு முறை சாமான் லாரியில்தான் தபால் வரும் என்று உன் அண்ணன் சொன்னார். எடுத்தாலும் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுவாய். கடிதம் என்றால் படித்துத்தான் ஆக வேண்டும்.

ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸ் ஞாபகம் இருக்கிறதா? நீ சைரனுக்கு ஒயர் இழுத்த வண்டி. போன மாதம் அது இரண்டு முறை நடுவழியில் நின்றது. இரண்டாவது முறை உள்ளே மூச்சுத் திணறலோடு ஒரு பெரியவர். வேறு வண்டி வந்து அவரை ஏற்றிக்கொண்டு போக நாற்பது நிமிடம் ஆனது. நல்ல வேளை, ஆள் பிழைத்துக்கொண்டார்.

மறுநாள் அதே வண்டியை நம் ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிக்கொண்டே வந்தார்கள். பூனைக்குட்டி மாதிரி ஓடுகிறது. ஸ்கேனரை மாட்டினேன். உள்ளே இருக்கும் இருபத்திரண்டு கண்ட்ரோல் பெட்டிகளும் ஒரே கூச்சல். எஞ்சின் பெட்டி ஒருத்தரைக் காணோம் என்கிறது, பிரேக் பெட்டி காணோம் என்கிறது, கதவுப் பூட்டுக்கான பெட்டிகூடக் காணோம் என்கிறது. மொத்தம் முப்பத்தொரு எரர் கோடு, எல்லாம் 'தொடர்பு இல்லை' ரகம். இப்படிக் கும்பலாக வந்தால் நம் தொழிலில் என்ன நினைப்போம்? சாவி போட்டிருக்கும்போதே யாரோ பேட்டரி டெர்மினலைக் கழற்றியிருக்கிறார்கள் என்றுதான். கோடுகளை அழித்தேன். பத்து கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தேன். ஒன்றுகூடத் திரும்ப வரவில்லை. ஆஸ்பத்திரி நிர்வாகி எழுத்தில் கேட்டார், கொடுத்தேன்: 'வண்டியில் பழுது இல்லை. பதிவாகியிருந்த கோடுகள் பேட்டரி இணைப்பைக் கழற்றினால் வருபவை.'

அந்த இரண்டு வரியை வைத்து டிரைவரை வேலையிலிருந்து நிறுத்தியிருக்கிறார்கள். நம் ஜெட்டைத்தான். சைரன் போடாத நேரத்தில் சைக்கிள்காரனுக்குக்கூட வழிவிட்டுப் போவாரே, அதனால் ஊரே கிண்டலாக ஜெட் என்று கூப்பிடும் அந்த மனிதர். வேலைக்கு டிமிக்கி கொடுக்க அவரே பேட்டரியைக் கழற்றி வண்டியை நிறுத்தினார் என்பது குற்றச்சாட்டு. ஏப்ரல் முதல் தேதி விசாரணை. பதினைந்து வருட வேலை அன்றைக்குப் போய்விடும் போலிருக்கிறது. அதுவரை வண்டி நம் ஷெட்டில்தான் நிற்கிறது.

நேற்று அவர் வந்து வாசலில் நின்றார். சண்டைக்கு வந்தாரோ என்று பார்த்தேன். குரலைக்கூட உயர்த்தவில்லை. "நின்ன பிறகுதான், பெரியவரை அனுப்பிட்டுத்தான் கழட்டினேன் மேடம். கழட்டி மாட்டினா சரியாயிடும்னு ஒருத்தர் சொன்னார். ஆச்சு" என்றார். அவர் போய்விட்டார்.

அவர் சொல்வது உண்மையானால் வண்டியில் பழுது இருக்கிறது. பழுது இருந்தால் அது உன் சைரன் ஒயரில்தான் இருக்க வேண்டும். கம்பெனி போடாதது அந்த வண்டியில் அது ஒன்றுதான். யோசித்து எழுது.

அண்ணி


மார்ச் 7, வியாழன்

அண்ணி அவர்களுக்கு,

இங்கே லாரி நின்று சாமான் இறக்க ஒரு மணி நேரம். அதே லாரியில் தபால் திரும்பிப் போகும். ஆக உங்கள் கடிதத்தைப் படிக்க, கோபப்பட, ஆற, பதில் எழுத, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு மணி நேரம். படிக்க ஐந்து நிமிடம் ஆனது. கோபத்துக்கு இருபது ஒதுக்கினேன்.

சைரன் ஒயர் பேட்டரியிலிருந்து நேராகத் தனி ஃபியூஸ் வழியாகப் போகிறது. கண்ட்ரோல் பெட்டிகள் பேசிக்கொள்ளும் இரட்டை ஒயர் பக்கம் என் கட்டர் போகவே இல்லை. அதற்காகத்தான் மூன்று நாள் எடுத்தேன். அந்த மூன்று நாளுக்காகத்தான் நீங்கள் நிர்வாகி முன்னாலேயே, "உன் அளவெடுக்கிற புத்தியைத் தூக்கிக்கிட்டு வெளியே போ" என்று சொன்னீர்கள். நானும் போனேன். இப்போது அதே ஒயரைச் சந்தேகப்பட்டுத் தபால் தலை ஒட்டுகிறீர்கள்.

சரி, ஆறிவிட்டது. மீதி நேரத்துக்கு வருகிறேன்.

முப்பத்தொரு கோட்டையும் எழுதி வைக்காமலா அழித்தீர்கள்? முப்பத்தொரு சாட்சிகள் அண்ணி. வாய் திறந்த உடனே வீட்டுக்கு அனுப்பிவிட்டீர்கள். அவர்கள் எல்லோரும் ஒரே ஆளைக் காணோம் என்றார்களா, ஆளாளுக்கு வேறு ஆளையா? ஞாபகம் இருந்தால் எழுதுங்கள்.

இரண்டு வேலை செய்யுங்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டு, பெட்டிகள் எல்லாம் தூங்கக் கால் மணி நேரம் கொடுத்து, ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனர் மாட்டும் சாக்கெட்டில் ஆறாவது ஓட்டைக்கும் பதினாலாவது ஓட்டைக்கும் நடுவில் மின்தடை எத்தனை ஓம் என்று அளந்து பாருங்கள். அளப்பது உங்களுக்குப் பிடிக்காது, தெரியும். அடுத்தது அளவுகூட இல்லை. ஜெட்டைக் கூப்பிட்டு, வண்டி நிற்கும்போது முதலில் என்ன நடந்தது, அப்புறம் என்ன என்று வரிசையாகக் கேளுங்கள். இதுவரை அவரை யாராவது கேட்டார்களா?

இங்கே டம்பர் லாரிகளின் சக்கரம் என் தலைக்கு மேலே இரண்டு அடி. அவ்வளவு பெரிய உடம்பு தன் கையையும் காலையும் அசைக்கிறது, உள்ளே சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத ஒரு ஜோடி ஒயரை நம்பி. தினமும் பார்க்கிறேன். இன்னும் பழகவில்லை.

லாரிக்காரர் ஹாரன் அடிக்கிறார்.

தம்பி


மார்ச் 11, திங்கள்

கொழுந்தனாருக்கு,

கோபத்துக்கு இருபது நிமிடம் என்று கணக்கு வைக்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன். உன் அண்ணனிடம் படித்துக் காட்டினேன். தகரம் தட்டுவதை நிறுத்திவிட்டு, "இருபதுதானா, பரவாயில்லையே" என்றார்.

அளந்தேன். நாற்பது ஓம். மல்டிமீட்டரில் செல் தீர்ந்திருக்கும் என்று புது செல் போட்டு மறுபடி அளந்தேன். நாற்பது. பக்கத்துப் பட்டறையில் மல்டிமீட்டர் இரவல் வாங்கி அளந்தேன். அதுவும் நாற்பதுதான் சொல்கிறது. அறுபது வர வேண்டும் என்று எனக்கும் தெரியும், பாடம் எடுக்காதே. அறுபதுக்கு மேலே போனால் எங்கேயோ அறுந்திருக்கிறது என்பேன். இது குறைகிறதே? ஷார்ட் என்றால் ஒன்றோ இரண்டோ காட்டும். இது அதுவும் இல்லை.

ஜெட்டையும் கூப்பிட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ரெண்டு தடவையும் பெரிய மேம்பாலம் ஏறும்போதுதான் மேடம். உச்சி வெயில். பின்னாடி ஏசி ஃபுல்லா ஓடுது. முதல்ல மீட்டர் முள்ளு ரெண்டும் தொப்புனு விழுந்துச்சு. அப்புறம் இருக்கிற விளக்கு அத்தனையும் எரிஞ்சுது. அதுக்கப்புறம் கியர் போயிடுச்சு. மிதிச்சா எஞ்சின் கத்துது, வண்டி நகரல."

விளக்கு எரிந்தது என்கிறார் தம்பி. பேட்டரியைப் பிடுங்கினால் விளக்கு அணைய வேண்டுமே. முப்பத்தொரு கோட்டைப் படிக்கத் தெரிந்த எனக்கு, பக்கத்தில் நின்ற மனிதரிடம் இந்த ஒரு கேள்வியைக் கேட்கத் தோன்றவில்லை. கடிதம் எழுதும்போதே கை கூசுகிறது.

நீ கேட்டதற்கு: எல்லோரும் கியரின் கண்ட்ரோல் பெட்டியைத்தான் காணோம் என்றார்கள் என்று ஞாபகம். பாதிக்கு மேல் நிச்சயம் அதைத்தான்.

இன்னும் இருபது நாள் இருக்கிறது. நாற்பது என்றால் என்ன, சீக்கிரம் எழுது.

அண்ணி


மார்ச் 14, வியாழன்

அண்ணி,

இந்த முறை கோபத்துக்கு நேரம் ஒதுக்கவில்லை. நாற்பது என்று படித்ததும் உட்கார்ந்திருந்தவன் எழுந்து நின்றுவிட்டேன்.

பெட்டிகள் பேசுகிற அந்த இரட்டை ஒயருக்கு இரண்டு முனை. பேசின பேச்சு ஓடிப்போய் முனையில் மோதித் திரும்பி வந்தால், எதிரொலியும் அசலும் கலந்து ஒருவருக்கும் ஒன்றும் புரியாது. அதனால் இரண்டு முனையிலும் நூற்றிருபது ஓம் ரெசிஸ்டர் ஒன்றொன்று வைத்திருக்கிறார்கள். வந்த பேச்சை அங்கேயே வாங்கி அடக்கிக்கொள்ளும். இரண்டு நூற்றிருபது பக்கம் பக்கமாக இருந்தால் அறுபது. இது உங்களுக்குத் தெரிந்ததே.

நாற்பது வர ஒரே வழிதான் எனக்குத் தெரிகிறது. மூன்று நூற்றிருபது. முனை இரண்டுதான் இருக்க முடியும், உங்கள் வண்டியிலோ மூன்று இருக்கிறது. மூன்றாவது ரெசிஸ்டர் பேச்சின் பலத்தைக் குடிக்கும். குளிர்ந்த நேரத்தில் தாக்குப்பிடிக்கும், பத்து கிலோமீட்டர் ஓட்டினால் ஒன்றும் தெரியாது. உச்சி வெயிலில், மேடேறும்போது, கியர்பாக்ஸ் சூட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற கியர் பெட்டியின் குரல் இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கும். அந்தக் கொஞ்சம் போதும், சேதி கெட்டுப்போக.

ஜெட் சொன்ன ஒவ்வொரு சொல்லும் இதற்குப் பொருந்துகிறது. அந்த மனிதர் பொய் சொல்லவில்லை அண்ணி.

அந்த ரெசிஸ்டர் தனியாக வந்து உட்கார்ந்திருக்காது. சில பெட்டிகளுக்குள்ளேயே அதை வைத்துத் தயாரிப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. நான் போன பிறகு அந்த வண்டியில் எந்தப் பெட்டியாவது மாற்றப்பட்டதா? குற்றம் சொல்லிக் கேட்கவில்லை. தெரிந்தால்தான் அடுத்த அடி வைக்க முடியும்.

அலமாரி மேல் தட்டில், ஒயரில் ஓடுவதைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் என் ஸ்கோப் துணி சுற்றி இருக்கும், நீங்கள் விற்கவில்லையென்றால். எடுத்து மாட்டுங்கள். எனக்காக இல்லை, உங்களுக்காக.

தம்பி


மார்ச் 21, வியாழன்

அண்ணி,

லாரி வந்தது. உங்கள் கடிதம் வரவில்லை. சாமான் இறக்குகிறவர்களிடம் இரண்டு முறை பையைக் கொட்டிப் பார்க்கச் சொன்னேன். சிரித்தார்கள்.

கேட்டது தப்பாகப் பட்டதா? பட்டிருக்கலாம். எழுதின பிறகு எனக்கே தோன்றியது. கையில் ஒரு மணி நேரம் இருக்கிறது, கோபம் இல்லை, பதில் சொல்ல வேண்டிய கேள்வியும் இல்லை. அதனால் நான் போன வாரம் பார்த்ததை எழுதுகிறேன்.

ஒரு டம்பரில் ஸ்கோப்பை மாட்டி, ஒயரில் போகிற பேச்சை மெதுவாக்கி மெதுவாக்கிப் பார்த்தேன். அந்த ஒயருக்குத் தலைவர் கிடையாது அண்ணி. யாருக்கும் முறை வைக்கவில்லை. எந்தப் பெட்டியும் எப்போது வேண்டுமானாலும் பேசலாம். அப்படியானால் இரண்டு பேர் ஒரே கணத்தில் வாய் திறந்தால்? நம் வீட்டில் நடக்கிறதுதானே நடக்க வேண்டும்? நடக்கவில்லை. ஒவ்வொரு பெட்டியும் பேசிக்கொண்டே ஒயரையும் கேட்கிறது. தான் சொன்ன எழுத்துக்குப் பதிலாக ஒயரில் வேறு எழுத்து இருந்தால், தன்னைவிட அவசரமான சேதி ஒன்று போகிறது என்று புரிந்து அந்த எழுத்திலேயே நிறுத்திக்கொள்கிறது. பேசுகிறவருக்கு இடையில் ஒருவர் நுழைந்ததே தெரியாது. ஒரு எழுத்துகூடக் கெடுவதில்லை. அது முடிந்த மறுகணம் நிறுத்தினவர் தன் சேதியை முதலிலிருந்து சொல்கிறார். கண் இமைக்கும் நேரத்தில் இது நூறு முறை நடக்கிறது.

யாரோ ஒருவர் மேசையில் உட்கார்ந்து இதை யோசித்திருக்கிறார். பிரேக் பெட்டியும் ஜன்னல் கண்ணாடிப் பெட்டியும் ஒரே நேரத்தில் பேசினால் பிரேக்தான் முதலில் என்று, அடிதடி இல்லாமல், நீதிபதி இல்லாமல். மறுபடி மறுபடி அதையே ஓட்டிப் பார்த்தேன். சொன்னால் இங்கே பைத்தியம் என்பார்கள். நீங்களும் சொல்வீர்கள். ஆனால் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொல்வீர்கள்.

எழுதுங்கள். பத்து நாள்தான் இருக்கிறது.

தம்பி


மார்ச் 24, ஞாயிறு

தம்பி,

நீ கேட்ட கேள்விக்குப் பதில் எனக்கு முதல் கடிதம் எழுதும்போதே தெரியும். தெரியும் என்பதை என்னிடமே சொல்லாமல் இருந்தேன்.

மீட்டர் போர்டு. ஸ்டியரிங்குக்குப் பின்னால் வேகமும் டீசலும் காட்டுகிற அந்தப் பலகை. ஆறு மாதத்துக்கு முன்னால் அதன் விளக்கு மங்கிவிட்டது. புதுசு வர இரண்டு மாதம் ஆகும் என்றார்கள். இருக்கிறது ஒரே ஆம்புலன்ஸ், இரண்டு மாதம் யார் காத்திருப்பது? நொறுங்கிப்போய் வந்த இன்னொரு வண்டியிலிருந்து கழற்றிப் போட்டேன். அதே கம்பெனி, அதே மாடல், அதே சாக்கெட், பாடி மட்டும் நீளம். ஒரு மணி நேர வேலை. நிர்வாகி கைகுலுக்கினார். நீ இருந்திருந்தால் மூன்று நாள் ஆகியிருக்கும் என்று உன் அண்ணனிடம் பெருமை வேறு பீற்றிக்கொண்டேன்.

உன் கடிதம் வந்த அன்றைக்கே அதைக் கழற்றினேன். சாக்கெட்டில் அளந்தேன். அறுபது. பலகையைத் திரும்ப மாட்டினேன். நாற்பது. கழற்றினேன், அறுபது. ஐந்தாறு முறை இப்படிச் செய்துகொண்டே இருந்தேன், ஏதாவது ஒரு முறை மாறாதா என்று. நீள வண்டியில் ஒயர் அந்தப் பலகையில் போய் முடிகிறது, அதனால் ரெசிஸ்டரை அதற்குள் வைத்திருக்கிறார்கள். நம் வண்டியில் பின்னால் பிரேக் பெட்டியில் முடிகிறது. நான் நட்டநடுவில் ஒரு முனையைச் செருகி வைத்திருக்கிறேன்.

அப்புறம் ஒரு வாரம் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. உன் ஒயர் என்று எழுதினேனே, அதற்கு நீ இருபது நிமிடம்தான் எடுத்தாய். எனக்கு ஒரு வாரம் போதவில்லை. ஒரு மனிதர் வேலை இழந்து வீட்டில் உட்கார்ந்திருக்கிறார், அதற்குக் காரணம் நான் மாட்டின பலகை. போதாததற்கு அவர்மேல் பழியைப் போட்டு நானே கையெழுத்தும் போட்டிருக்கிறேன். இதில் எதை முதலில் நினைத்து அழுவது என்றே தெரியவில்லை.

நேற்று ஸ்கோப்பை எடுத்தேன். விற்கவில்லை. உன் அண்ணன் அந்தத் துணியை மாதாமாதம் துவைத்துத் திரும்பச் சுற்றி வைத்திருக்கிறார், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். பழைய மங்கல் பலகையை வண்டியில் மாட்டி, ஸ்கோப்பை இணைத்து, சாவியைத் திருப்பினேன்.

தம்பி, பத்தொன்பது வருடம் இந்தத் தொழிலில் இருக்கிறேன். ஒயர் என்றால் எனக்குக் கரண்ட் போகிற வழி, அவ்வளவுதான். திரையில் இரண்டு கோடுகள். ஒன்று ஏறும்போது இன்னொன்று அதே கணத்தில் அதே அளவுக்கு இறங்குகிறது. கண்ணாடியில் பார்ப்பது போல. கதவைத் திறந்தேன், கோட்டில் ஏதோ ஒரு கொத்து புதிதாக ஓடியது. பிரேக்கை மிதித்தேன், வேறொரு கொத்து. ஒன்றும் செய்யாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன், அப்போதும் பேசிக்கொண்டேதான் இருந்தன. இத்தனை வருடம் இவர்கள் பேசுவதற்கு நடுவில் உட்கார்ந்துகொண்டுதான் நான் ஸ்பேனரைத் தேடியிருக்கிறேன். உன் அண்ணனைக் கூப்பிட்டேன். அவரும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். டீ ஆறிப்போகும் வரை இரண்டு பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பைத்தியம் என்று சொல்ல மாட்டேன்.

விசாரணையில் என் தப்பைச் சொல்லப் போகிறேன். நிர்வாகி நம்புவாரா? ஒரு மாதத்துக்கு முன்னால் ஒன்று எழுதினவள் இப்போது மாற்றிச் சொன்னால், ஜெட்டுக்குப் பரிந்து பேசுகிறாள் என்றுதானே நினைப்பார். நாற்பது, அறுபது என்றால் அவருக்கு என்ன புரியும்? என்ன செய்யலாம், சொல்.

அண்ணி


மார்ச் 28, வியாழன்

அண்ணி,

முப்பதாம் தேதிக்குள் இது உங்கள் கையில் கிடைக்க வேண்டும். லாரிக்காரரிடம் கையைப் பிடித்துச் சொல்லியிருக்கிறேன்.

நிர்வாகிக்கு ஓம் புரிய வேண்டாம். வண்டி அவர் கண்ணெதிரில் நிற்க வேண்டும். தப்பான பலகையைத் திரும்ப மாட்டுங்கள். பேட்டரி டெர்மினல்மேல் காகிதம் ஒட்டி நிர்வாகியையே கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். உச்சி வெயிலில், ஏசியை முழுதாக வைத்து, அதே மேம்பாலத்தில் ஜெட் ஓட்டட்டும். நிர்வாகி உள்ளே உட்காரட்டும். நிற்கும் வரை ஓட்டுங்கள்.

நிற்காமலும் போகலாம். அதையும் சொல்லிவிடுகிறேன். பழுது நாம் கூப்பிட்டால் வருமா என்ன.

ஸ்கேனரையும் ஸ்கோப்பையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று பார்ப்பீர்கள். ஒவ்வொரு பெட்டியும் தன் தப்பைத் தானே எண்ணுகிறது. சொன்ன சேதி கெட்டுப்போனால் எட்டு கூட்டிக்கொள்ளும். சரியாகப் போனால் ஒன்று கழித்துக்கொள்ளும். இருநூற்று ஐம்பத்தைந்தைத் தாண்டினால், பழுது தன்னிடம்தான் என்று முடிவு செய்து ஒயரை விட்டு விலகி வாயை மூடிக்கொள்ளும், மற்றவர்கள் பேச்சாவது கெடாமல் இருக்கட்டும் என்று. கியர் பெட்டிக்கு நடந்தது அதுதான். அதனிடம் ஒரு குறையும் இல்லை. இதை முதலில் படித்த அன்று நான் சாப்பிடவே இல்லை.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். மீட்டர் போர்டை நானும் அப்படித்தான் மாற்றியிருப்பேன். ஒரே ஆம்புலன்ஸ் இரண்டு மாதம் நிற்கலாமா? ஒரே ஒரு முறை அளந்து பார்த்திருப்பேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

தம்பி


ஏப்ரல் 2, செவ்வாய்

தம்பி,

நேற்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், குறுக்கே பேசாமல் படி.

ஆஸ்பத்திரி மீட்டிங் அறை. நிர்வாகி, இரண்டு டாக்டர்கள், ஓரத்தில் இஸ்திரி போட்ட சட்டையில் ஜெட். நான் எழுந்து சொன்னேன். நான் மாட்டின பொருள், நான் எழுதின வரி, இரண்டும் தப்பு என்று. நிர்வாகி என் பழைய காகிதத்தைத் தூக்கிக் காட்டினார். "இதுவும் உங்க கையெழுத்து. இன்னைக்குச் சொல்றதும் நீங்கதான். நான் எதை நம்பறது?" நியாயமான கேள்வி. "ரெண்டையும் நம்ப வேணாம் சார். வண்டியில ஏறுங்க" என்றேன்.

டெர்மினல்மேல் காகிதம் ஒட்டிக் கையெழுத்துப் போட்டார். நோயாளிக்குத் துணையாக வருபவர் உட்காரும் சீட்டில் பெல்ட் மாட்டி உட்கார்ந்தார். நான் முன்சீட்டில், ஒரு தொடையில் ஸ்கோப், ஒரு தொடையில் ஸ்கேனர். மேம்பாலம் ஏறினோம், இறங்கினோம். ஏறினோம், இறங்கினோம். வண்டி என்ன அழகாக ஓடியது தெரியுமா? இவ்வளவு நன்றாக ஓடுகிற வண்டியைப் பார்த்து வயிறு எரிந்தது எனக்கு வாழ்க்கையிலேயே நேற்றுதான். ஒரு மணி நேரம் ஆயிற்று. நிர்வாகி கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். ஜெட் சிக்னல் போட்டுத் திரும்பினார், சிக்னல் போட்டு ஏறினார். நின்றுவிடு, தயவுசெய்து நின்றுவிடு என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

ஆறாவது ஏற்றம். திரையில் கோடுகள் ஏற்கனவே உயரம் குறைந்துதான் இருந்தன. ஒரு இடத்தில் பிசிறு தட்டியது. உடனே மற்றப் பெட்டிகள் எல்லாம் சேர்ந்து, கெட்ட சேதி என்று அதை வெட்டின. மறுபடி அதே சேதி, மறுபடி வெட்டு. கியர் பெட்டி திரும்பத் திரும்பச் சொல்கிறது, திரும்பத் திரும்பக் கெடுகிறது. நீ எழுதின எட்டு எட்டாக ஏறும் கணக்கு என் காதில் ஓடியது. ஸ்கேனரில் இருபத்திரண்டு பெயர்களும் பச்சையாக இருந்தன. அதில் ஒன்று மட்டும் சாம்பலாகிப் 'பதில் இல்லை' என்று வந்தது. முள் இரண்டும் விழுந்தன. அத்தனை விளக்கும் எரிந்தன. எஞ்சின் கத்தியது. ஜெட் ஸ்டியரிங்கை லேசாக ஒடித்து, ஓடின வேகத்திலேயே வண்டியை ஓரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். மற்ற இருபத்தொரு பெட்டிகளும் திரையில் பேசிக்கொண்டேதான் இருந்தன, சுத்தமாக, ஒரு பிசிறு இல்லாமல். பார்த்துக்கொண்டிருந்தேன்.

நிர்வாகி இறங்கிப் போய் டெர்மினலைப் பார்த்தார். காகிதம் ஒட்டினபடி இருந்தது. திரும்பி வந்து, அங்கேயே முழங்காலில் வைத்து, வேலையில் திரும்பச் சேர்க்கும் உத்தரவை எழுதினார். என் பக்கம் திரும்பி, இனிமேல் ஆஸ்பத்திரி வண்டிகள் உங்களிடம் வராது என்றார். சரி என்றேன். பழைய மங்கல் பலகையை அந்தப் பாலத்து ஓரத்திலேயே மாட்டிக் கொடுத்தேன். புதுசுக்கு ஆர்டர் போட்டாகிவிட்டது.

நீ திரும்பி வருவதும் வராததும் உன் இஷ்டம். உன் மேசையில் இப்போது நான்தான் உட்காருகிறேன், ஸ்கோப்போடு. எழுந்து தர மாட்டேன். பக்கத்தில் இன்னொரு மேசைக்கு இடம் இருக்கிறது, உன் அண்ணன் அளந்து பார்த்துவிட்டார்.

இன்னும் ஒன்று. இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று காலையிலிருந்து யோசித்தேன்.

நிர்வாகி ஆட்டோ பிடித்துப் போன பிறகு நானும் ஜெட்டும் மட்டும் வண்டியில் இருந்தோம். அவர் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்தார். அவர் கையெழுத்து. 'நன்றாக ஓடிய வண்டியை ஓரம் நிறுத்தி நானே பேட்டரியைக் கழற்றினேன். மன்னிக்கவும்.' நேற்று விசாரணையில் கொடுக்க எழுதிக் கொண்டுவந்தது. ஒத்துக்கொண்டால் வேலை போகாது, வேறு இடத்துக்கு மாற்றுவதோடு விட்டுவிடுவார்கள் என்று யாராவது சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தேன். கேட்டேன்.

"இல்ல மேடம். யாரும் சொல்லல. எனக்கே அப்படித்தான் ஞாபகம் வந்துச்சு" என்றார். "முதல்ல உங்ககிட்ட வேற மாதிரிதான் சொன்னேன். ஆனா நீங்க எழுதிக் கொடுத்துட்டீங்க. பதினைஞ்சு வருஷமா நீங்க சொன்னது எதுவும் தப்பானதில்ல. அப்ப நான்தான் பண்ணியிருக்கணும்னு யோசிச்சேன். யோசிக்க யோசிக்க, வண்டி மக்கர் பண்றதுக்கு முன்னாடியே நிறுத்தி இறங்கி பானெட்டைத் திறந்த மாதிரி, கை டெர்மினலுக்குப் போன மாதிரி எல்லாம் வந்துருச்சு. வீட்லகூட ஒத்துக்கிட்டேன். என் பொண்ணு ரெண்டு நாள் என்கூடப் பேசல."

"தப்பு என்னோடது. உங்களோடது இல்ல" என்றேன். இரண்டு முறை சொன்னேன்.

வண்டி அவர் காலுக்குக் கீழேதான் நின்றது. காகிதம் ஒட்டின டெர்மினலை அவரும்தான் பார்த்தார். உத்தரவு அவர் பையில் இருக்கிறது. அப்படியும் என் முகத்தைப் பார்த்து, "நல்லாத் தெரியுமா மேடம்?" என்று கேட்டார்.

தெரியும் என்றேன். அதற்கப்புறம்தான் அந்தக் காகிதத்தைக் கிழித்தார்.

அண்ணி